பழகிய கைகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம்தான். முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? என் மருமகளுக்குப் பல் முளைத்துவிட்டதா, இன்னும் பொக்கை வாய்தானா?

போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போன் போட்டால் என் பக்கம் மெஷின் சத்தம், உன் பக்கம் மீட்டிங். கடிதம் என்றால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

உன் அத்தான் போன பிறகு லாண்டரியை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியின் துணி முழுக்க நம்மிடம்தான் வருகிறது. அதுதான் நம் அடுப்பை எரிய வைக்கிறது. போன வாரம் அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. முகத்தைச் சுளிக்காமல் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அழுக்குத் துணி இறங்கும் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே துவைக்கிற டிரம்மில் கிருமி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், "இதை எதுக்கும்மா ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

"ஊத்தச் சொன்னாங்க, ஊத்துறேன்."

"கம்மியா ஊத்தினா என்ன ஆகும்?"

"திட்டுவாங்க."

நான் சிரித்துவிட்டேன். அதிகாரி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "உங்க மெஷின்ல ஒரு குறையும் இல்லை. ஆளுங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலை. இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒழுங்கா சொல்லிக் கொடுங்க. இல்லேன்னா ஒப்பந்தத்தை நீட்டிக்க நான் சிபாரிசு பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு இதுதானே தொழில்? ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குத் துப்புரவும் சலவையும் செய்கிற கம்பெனியில் பயிற்சிப் பிரிவுக்கே தலைவன். எனக்கோ எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் மூளையைக் கடன் கொடு.

குழந்தைக்கு அத்தையின் முத்தம்.

அக்கா


ஜனவரி 21

என் அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் மருமகளுக்கு இரண்டு பல் வந்துவிட்டது. கையில் கிடைத்ததையெல்லாம் கடித்துச் சோதித்துப் பார்க்கிறாள். உன் முழங்காலை டாக்டரிடம் காட்டு. தள்ளிப் போடாதே.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துத்தான் படித்தேன். "திட்டுவாங்க" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்து, பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் சொன்ன பதிலில்தான் உன் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. உன் ஆட்களுக்குக் கை ஓடுகிறது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாதவன் நாளைக்கு ஒன்று மாறினால் திணறிப்போவான்.

பயிற்சியைச் செலவாக நினைக்காதே அக்கா. மெஷினுக்கு எண்ணெய் போடுகிறாய் அல்லவா, அது மாதிரி. உன் ஊரிலேயே பயிற்றுநர்கள் இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டு அரைநாள் வகுப்பு வை. வேலை நேரத்திலேயே வை. வேலை முடிந்து களைத்தவர்களை உட்கார வைத்தால் ஒன்றும் ஏறாது. பாய்லரைப் பார்க்கிறவர் ஒருவர்தானே? அவருக்குக் காய்ச்சல் வந்தால் லாண்டரியே படுத்துவிடும். அவர் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திப் பழக்கு.

ஆட்களை வளர்த்தால் தொழில் தானே வளரும். இதை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்லும்போதுதான் இது உண்மையாகப் பலிக்க வேண்டுமே என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள தம்பி


பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டாக்டரைப் பார்த்தேன். "கொஞ்சம் உட்காருங்க" என்றார். எங்கே உட்காருவது?

நீ சொன்னபடி வகுப்பு வைத்தேன். நடந்ததைக் கேள்.

பயிற்றுநர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். சுவரில் படம் காட்டினார். முதல் படத்தில் பனிமலை. அதன் உச்சியில் ஒருவன் கொடி நட்டுக்கொண்டிருந்தான். இலக்கு, தலைமைப் பண்பு என்று என்னென்னவோ பேசினார். உருப்படியாக ஒரு வார்த்தை துணியைப் பற்றி இல்லை. பாய்லர் சூட்டில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பின்வரிசை முழுக்கத் தூங்கிவிட்டது. குறட்டை கூடக் கேட்டது. இதற்குள் டிரம்மில் கிடந்த ஈரத் துணி வாடையடித்து, மறுபடி அலச வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து, "ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி எங்கே?" என்று போனுக்கு மேல் போன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில், துணியைத் தேய்த்துத் தள்ளும் ரோலர் பக்கம் நிற்கிற நெட்டை என்னிடம் வந்தாள். நல்ல உயரம், அதனால் அந்தப் பெயர். சொன்னால் கோபப்பட மாட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? யார் யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு பாக்கத்தான் இந்த வகுப்பா? எல்லாரும் பயந்து கிடக்காங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாய்லர்காரர் வகுப்புப் பக்கமே வரவில்லை. உன் அத்தான் காலத்து ஆள். என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை. சோடாபுட்டியை அவர் பக்கத்தில் நிறுத்திப் பழக்கச் சொன்னேன். சோடாபுட்டி தடித்த கண்ணாடி போட்டவன், டிரம் பக்கத்து ஆள், கவனமானவன். அவர் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, எனக்கு இந்த வேலை தெரியும்கிறதாலதான் நீங்க என்னை வச்சிருக்கீங்க. இன்னொருத்தனுக்கும் தெரிஞ்சுட்டா, ரெண்டு பேர்ல யார் இளசோ அவனைத்தான் வச்சுப்பீங்க. நான் உங்களைக் குறை சொல்லலை. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? நீ சொல்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். பனிமலையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படம் என்னிடமும் இருக்கிறது.

தப்பு என்னுடையது. எல்லோரையும் மொத்தமாக உட்கார வைக்கச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடு. இங்கே ஒரு நல்ல பயிற்சிக்கூடம் இருக்கிறது. நிஜ மெஷினை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். அவர்களைச் சில வாரங்களுக்கு இங்கே அனுப்பு. நானே இடம் பிடித்துத் தருகிறேன். திரும்பி வந்து மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லித் தரட்டும். கூட நிற்கிறவர் சொன்னால் பயம் இருக்காது.

பாய்லர்காரருக்கு வாய்வார்த்தை போதாது. அவரை வேலையை விட்டு நிறுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடு. பாய்லருக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியும் கொடு. மனிதனுக்குத் தன் இடம் போகாது என்று தெரிந்தால்தான் பக்கத்தில் இடம் விடுவான்.

நெட்டையை எனக்குப் பிடித்துவிட்டது. எல்லோரும் பயந்து கிடக்கும்போது வந்து நேராகக் கேட்டவள் அவள் ஒருத்திதானே?

உன் தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

நலமா? மருமகள் நடக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மேசை முனைகளுக்கெல்லாம் துணி சுற்றி வை. நீ சின்ன வயதில் நெற்றியைப் பிளந்துகொண்டது எனக்கு மறக்கவில்லை.

நீ சொன்ன இரண்டு பேரும் கிளம்பத் தயார். நெட்டையும் சோடாபுட்டியும்தான். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

நெட்டை வீட்டுக்கு நானே போனேன். ஒரே அறை. நான் உட்கார்ந்த கட்டிலுக்கு அடியில் அவள் மாமியார் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார். அவள் கணவன் வாசலிலேயே நின்றுகொண்டு, "இத்தனை வருஷமா துணி தேய்க்கறா. அதுல இன்னும் என்ன படிக்க இருக்கு? அங்க போய் யாருகூடத் தங்குவா?" என்றான்.

"என் தம்பி இருக்கான். அவன் குடும்பத்தோட இருக்கான். என் கூடப் பிறந்தவன். அவன் பார்த்துப்பான்" என்றேன்.

கடைசியில் மாமியார் மகனைப் பார்த்து, "அவ போகட்டும்டா. குழந்தையை நான் பாத்துக்கறேன். இவங்க வீடு தேடி வந்து கேக்கறாங்க. உன்னை எந்த முதலாளியாவது இப்படி வந்து கேட்டிருக்கானா?" என்றார். அவன் விறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நெட்டை என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

பாய்லர்காரரிடம் நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க எழுதிக் கொடுக்கற அளவுக்கு வந்துட்டீங்கன்னா சரி, அவனை அனுப்புங்க" என்றார். சோடாபுட்டி உன் ஊருக்குக் கிளம்புவதற்குள்ளேயே அடிப்படை எல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். முறைத்துக்கொண்டேதான். ஆனால் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம். பயிற்சி முடித்து வந்தவர்களிடம், சில வருஷமாவது இங்கிருந்து போக மாட்டோம் என்று கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறார் நம் கணக்குப்பிள்ளை. எனக்கு மனசு வரவில்லை. உன் கம்பெனியில் என்ன வழக்கம்?

அவர்களை உன் பொறுப்பில் விடுகிறேன்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை.

இருவரையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டோம். நெட்டை நம் குட்டியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. தன் குழந்தை நினைவு போலிருக்கிறது. வகுப்பிலும் போய்ப் பார்த்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பயிற்றுநர் புத்தகத்தைப் புரட்டினார். சோடாபுட்டி பேசுவதில்லை, செய்து காட்டிவிடுகிறான்.

கையெழுத்தெல்லாம் வேண்டாம் அக்கா. கட்டிப்போட்டு வைத்தால் ஆள் இருப்பான், மனசு இருக்காது. நல்லபடியாக நடத்தினால் யார் விட்டுப் போகப் போகிறார்கள்?

உன்னிடம் வேறு யார் யார் கெட்டிக்காரர்கள்? அடுத்த அணிக்கு இப்போதே யோசித்து வை. எனக்கும் எழுது.

என் வேலையிலும் ஒரு மாற்றம். அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


ஜூலை 15

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு முழங்கால் வலி கூட மறந்துபோயிருக்கிறது. அப்படி ஒரு சந்தோஷம்.

நீ இப்போது வந்து பார்த்தால் இது நம் லாண்டரிதானா என்று கேட்பாய். நெட்டை வந்ததும் முதல் வேலையாக அழுக்கு வரும் வழியையும் சுத்தத் துணி போகும் வழியையும் பிரித்துத் தரையில் வண்ணக்கோடு போட்டுவிட்டாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துக் குடுவைகளில் நிறப் பட்டை. அவரவர் மெஷின் பக்கத்தில் நின்றபடியே, கைவேலையை நிறுத்தாமலே சொல்லித் தருகிறாள். ரோலரில் துணி நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். அதில் கை பட்டால் ரோலர் நின்றுவிட வேண்டும். அது வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை ஓட விடுகிறாள். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பாய்லர்காரர் போன மாதம் முதல் தடவையாக லீவு எடுத்தார். சோடாபுட்டி தனியாகப் பார்த்துக்கொண்டான். மறுநாள் அவர் வந்து பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

அதிகாரி அம்மாள் மறுபடி வந்தார். மருந்து ஊற்றுகிறவளிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் விட்டால் போதும் என்று பொழிந்து தள்ளிவிட்டாள். ஒப்பந்தத்துக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த அணிக்கு யார் என்று கேட்டாயே. டிரம் ஏற்றுகிற அண்ணன் தம்பி இருவர், கறைபட்ட துணியைப் பிரித்தெடுக்கிற பெண், மூட்டை வண்டி ஓட்டுகிறவர், இந்த நால்வரும் தங்கம். நெட்டை இவர்களுக்கு இப்போதே பாதி கற்றுக்கொடுத்துவிட்டாள். மடிப்பு மேசையில் பாட்டுக்காரி என்று ஒருத்தி, எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டே மடிப்பாள். தனக்கும் ரோலர் சொல்லித் தரச் சொல்லி என்னைத் துளைத்தெடுக்கிறாள். "பொறு, அவங்களுக்கு அடுத்து நீதான்" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் வேலை மாற்றம் என்ன ஆயிற்று? பதவி உயர்வா? சொல்லாமல் வைத்திருந்து இனிப்போடு வரப் போகிறாயா?

உன்னால்தான் இதெல்லாம். உன் அத்தான் இருந்திருந்தால் உன்னைத் தலையில் வைத்துக் கூத்தாடியிருப்பார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா


செப்டம்பர் 20

தம்பிக்கு,

நலம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று முதலில் கவலைப்பட்டேன். இப்போது தெரிந்துவிட்டது, நீ நன்றாகத்தான் இருக்கிறாய்.

ஊருக்கு வெளியே பெரிதாக ஒரு கொட்டகை எழும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருந்தேன். கிடங்கு என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் ஆறு பேர் வேலைக்கு வரவில்லை. நெட்டை, சோடாபுட்டி, அந்த அண்ணன் தம்பி, கறை பிரிக்கிறவள், வண்டிக்காரர். நெட்டை மட்டும் மத்தியானம் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, புதுசா ஒரு லாண்டரி வருது. சம்பளம் ஒண்ணரை மடங்கு, போக வர பஸ் விடறாங்க. பக்கத்துல இன்னொரு அறை வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். மாமியார் இன்னும் அடுப்பு ஓரமாத்தான் படுக்கறாங்க. தப்பா நினைக்காதீங்க."

நான் எப்படித் தப்பாக நினைப்பேன்? நான் போய் உட்கார்ந்த அறைதானே அது? "போய் நல்லா இரு" என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். "சார் உங்ககிட்ட சொல்லலையாம்மா? உங்களுக்குத் தெரிஞ்சுதான் கூப்பிடறார்னு நினைச்சோம்" என்றாள்.

"எந்த சார்?" என்று கேட்டேன். கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கொட்டகை உன் கம்பெனியுடையதாம். நேர்காணலுக்கு நீ இங்கேயே வந்திருந்தாயாம். ஓட்டலில் இரண்டு நாள் தங்கினாயாம். என் வீட்டிலிருந்து அந்த ஓட்டல் நடக்கிற தூரம். மூன்று வருஷத்துக்கு வேலையை விட மாட்டோம், வேறு எங்கும் இந்த வேலையைச் சொல்லித் தர மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினாயாமே.

உனக்கு நான் எழுதிய போன கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யார் யார் தங்கம் என்று கேட்டாய். நானே எழுதி அனுப்பினேன்.

குழந்தைக்கு என் அன்பு.

அக்கா


அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பலமுறை எழுத உட்கார்ந்தேன். விஷயத்தை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதமே எங்கள் பயிற்சிப் பிரிவை மூடிவிட்டார்கள். கூட்டத்தில் மேலதிகாரி சொன்னது இதுதான்: "நாம சொல்லிக் கொடுக்கறோம், அடுத்தவன் கொத்திக்கிட்டுப் போறான். இனிமே நாம சொல்லிக் கொடுக்க வேண்டாம். கொத்தற வேலையை மட்டும் பண்ணுவோம்." எல்லோரும் சிரித்தார்கள். என் பிரிவில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். என்னை ஆள் எடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். உன் ஊரில் புது சலவை ஆலை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். திறப்பதற்குள் பழகிய ஆட்கள் வேண்டும், இல்லையென்றால் எனக்கும் கதவு திறந்திருக்கிறது என்றார்கள்.

நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார் அக்கா. அவர்களுக்கும் நல்ல வாழ்க்கை கிடைத்திருக்கிறது அல்லவா? ஆட்கள் வளர வேண்டும் என்றுதானே நீயும் ஆசைப்பட்டாய்? அவர்கள் வளர்ந்துதான் இருக்கிறார்கள். கையெழுத்து கம்பெனி விதி. என் கையில் இல்லை.

அந்த இரண்டு நாளும் உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். தெருமுனை வரை வந்தேன். வேலை நெருக்கடி, திரும்பிவிட்டேன்.

புதிதாகச் சிலரைச் சேர்த்து மறுபடி தொடங்கு. என்னால் முடிந்த யோசனை எப்போதும் உண்டு.

உன் தம்பி


டிசம்பர் 5

தம்பிக்கு,

நான் நலம்.

மறுபடி தொடங்கச் சொல்லியிருந்தாய். சோடாபுட்டி இடத்துக்கு ஒருவனைச் சேர்த்து, பாய்லர்காரரிடம் அனுப்பினேன். அவர் அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். "ஒரு தடவை எழுதிக் கொடுத்தீங்க, சொல்லிக் கொடுத்தேன். அவன் எங்க இருக்கான்? இனி என்கிட்ட கேக்காதீங்கம்மா" என்றார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

ரோலருக்கு ஆள் இல்லை. ஆஸ்பத்திரித் துணி மலையாகக் குவிந்துவிட்டது. பாட்டுக்காரியை மடிப்பு மேசையிலிருந்து கூப்பிட்டு ரோலர் முன்னால் நிறுத்தினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "யாரும்மா சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். "பார்த்துட்டுதானே இருந்திருக்கே, ரெண்டு நாள்ல கைக்கு வந்துரும்" என்றேன். நான்தான் சொன்னேன்.

அந்தக் கம்பியைக் காலையில் தட்டிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. நான் பார்க்கவில்லை. பஞ்சும் தூசியும் அடைத்து அது இறுகிப் போயிருந்தது. பெட்ஷீட் முனை சுருண்டது, அவள் நீவி விடப் போனாள். துணியோடு கையும் உள்ளே போனது. கம்பியைத் தட்டியிருக்கிறாள், ரோலர் நிற்கவில்லை. நான் ஓடிப் போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில், நாம் சலவை செய்து அனுப்பிய விரிப்பில்தான் அவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். நெட்டை பார்க்க வந்திருந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். "வாரத்துல ஒரு நாள், என் லீவு நாள்ல வந்து சொல்லித் தரட்டுமாம்மா? கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். தெரிந்தால் அவள் வேலை போகும். புதிதாக எடுத்த அறையும் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் எந்த யோசனையும் கேட்டு இதை எழுதவில்லை. வேறு யார் வாயிலாகவோ நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

அக்கா


ஜனவரி 3

அக்கா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டுமோ சொல், செய்கிறேன். ஊருக்கு வரட்டுமா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இவள் பேசினாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாயாம்.

இங்கேயும் ஒன்றும் நன்றாக இல்லை. புது ஆலையில் பழகியவர்கள் உன்னிடமிருந்து வந்த ஆறு பேர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் புதுசு. அவர்களுக்குச் சொல்லித் தர வேலை நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கித் தரும்படி நெட்டை எழுதிக் கேட்டிருந்தாள். உற்பத்தி குறையும் என்று மேலிடம் மறுத்துவிட்டது. அந்தப் பதிலை அவளுக்கு எழுதியது நான்.

ஒரு வரியாவது எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நலமாக இருங்கள். நான் இருக்கிறேன்.

திட்டுவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ கேட்டதால் இங்கே உள்ள நிலைமையை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் ஜனவரியோடு முடிந்தது; விபத்துக்குப் பிறகு நீட்டிக்கவில்லை. அதிகாரி அம்மாளே நேரில் வந்து சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். துணி உங்கள் ஆலைக்குப் போகிறது, உனக்குத் தெரிந்திருக்கும். பாதிப் பேரை அனுப்பிவிட்டேன். இரண்டு விடுதிகளின் துணியும் ஒரு முடிதிருத்தும் கடையின் துண்டும் வருகின்றன. டிரம்களில் பாதிக்கு உறை போட்டு மூடியாயிற்று. பாய்லர்காரர் இருக்கிறார். எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான்.

பாட்டுக்காரி திரும்ப வந்துவிட்டாள். வாசலில் உட்கார்ந்து மூட்டைகளை வரவு வைக்கிறாள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக வருகிறது. என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

போன வாரம் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். துணியைத் தொட்டதுமே எது முழுப் பருத்தி, எது கலப்பு என்று விரலிலேயே கண்டுபிடித்து, யாரும் சொல்லாமலே பிரித்து வைத்தாள். ரோலரை நிறுத்தும் கம்பியை அவளுக்கு நானே காட்டினேன். காலையில் என் கண் முன்னால் தட்டிக் காட்டிய பிறகுதான் மெஷினைத் தொட விடுகிறேன். கை போகாமல் இருக்க என்ன தெரிய வேண்டுமோ அது எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தருவதில்லை.

நேற்று அவள் என்னிடம் வந்து, "அம்மா, வெள்ளைத் துணிக்கு மட்டும் எதுக்குத் தண்ணிச் சூட்டைக் கூட்டுறோம்? கலர் துணியில கிருமி இருக்காதா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நெட்டை கூட முதல் வாரத்தில் இப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியும். நின்று சொன்னால் இரண்டு நிமிஷம் ஆகும்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? போய் வேலையைப் பாரு" என்றேன்.

அவள் முகம் கூடச் சுருங்கவில்லை. "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இன்று காலையிலிருந்து ஏதேதோ சாக்கு வைத்து அவள் பக்கமாகவே போய்ப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா